கணக்குக் கேட்க ஆறு நாள்

வாழப்பாடிப் பக்கம் பாக்கு எடை போடும்போது கால் கிலோ குறையட்டும், தராசைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கும்போது மட்டும் அதே கண்கள் பந்தல் துணியின் நிறத்தை ரசிக்கப் போய்விடும்.

ஏற்பாடு என்னவோ தாராளம்தான். குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம் என்று ஆண்டுக்கு 6 கிராம சபை. மிச்சம் 359 நாளும் தலைவருக்கு நிம்மதி. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்காதபோது தலைவரே இல்லை. கேள்வி கேட்டால் தனி அலுவலரைத்தான் தேட வேண்டும்.

கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய மாமனார், மருமகன்கூட வாரியத்துக்கு வரக்கூடாது என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு சுமார் 1,100 ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. அந்த விதி இன்று திரும்பினால் வேட்பாளருக்குப் பஞ்சம் வந்துவிடும்.

அடுத்த சபைக்குப் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன் தீர்மானம் எழுதியாயிற்றா என்று பதிவேட்டைப் புரட்டுங்கள். வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்தும் எடை பார்க்காமல் கொடுத்த பாக்கும் ஒன்றுதான்.