விண்ணப்ப அப்பா

நியூ ஜெர்சியின் எடிசனில் யார் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும், பிரியாணித் தட்டோடு மூலையில் நாலு பேரை மடக்கி வைத்திருப்பவர் அவர்தான். "இந்த வருஷம் நாங்க காலேஜ் அப்ளை பண்றோம்" என்பார். பன்னிரண்டாவது படிக்கும் மகன் அந்நேரம் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

அவர் காலத்தில் ஒரு கட்-ஆஃப், ஒரு கவுன்சலிங். காலையில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் தலையெழுத்து தெரிந்துவிடும். இங்கே ஆகஸ்ட் 1ஆம் தேதி, பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான 'காமன் ஆப்' திறந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. 20 கல்லூரிகள் வரை போடலாம் என்றால் 20க்கும் போட்டே ஆகவேண்டும். காலியாக விட்டால் நஷ்டமாம். வகுப்புக்கு வெளியே பையன் என்ன செய்தான் என்பதை 10 இனங்களுக்குள் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றும் 150 எழுத்துக்குள். பல வருட மிருதங்க வகுப்பையும், அதற்குக் கார் ஓட்டிய தன் தியாகத்தையும் அதில் அடைக்க முடியாமல் இரண்டு நாள் லீவு போட்டார்.

அடுத்தது 650 வார்த்தைக் கட்டுரை. நீ சந்தித்த சவால் அல்லது தோல்வி என்று ஒரு தலைப்பு. மகனுக்கு வைஃபை போன நாளைத் தவிர வேறு சோதனை வந்ததில்லை. அப்பாவிடமோ ஸ்டாக் நிறைய.

"நாலு கிலோமீட்டர் நடந்தே ஸ்கூலுக்குப் போனது, தெருவிளக்குல படிச்சது... எழுதுடா."

"அது உங்க கதைப்பா."

"ஒரே குடும்பம்தானேடா!"

பணவிவகாரம் வந்ததும் ஆள் அடியோடு மாறிவிடுவார். விருந்தில் வீட்டு விலை மில்லியன் டாலரைத் தாண்டிய கதையை விரிவாகச் சொல்பவர், நிதியுதவி விண்ணப்பத்தின் முன் உட்கார்ந்ததும் பரம ஏழை. அரசாங்கத்தின் 'ஃபாஃப்சா' மேல் அவருக்கு மரியாதை உண்டு. குடியிருக்கும் வீட்டின் மதிப்பை அது கேட்பதில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை வரித்துறையிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். அந்த வருடம் பார்த்தா போனஸ் கொட்ட வேண்டும்! பல தனியார் கல்லூரிகள் கேட்கும் 'சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்' இன்னும் மோசம். சம்பந்தி வீட்டார் மாதிரி வீடு, வாசல், சேமிப்பு என்று ஒன்றுவிடாமல் தோண்டும்.

இத்தனைக்கும் பாஸ்வேர்ட், கடைசித் தேதி, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் கவனித்தவர் அம்மா. சொற்சித்திரத்துக்கு வேண்டிய கோணங்கித்தனம் அவரிடம் இல்லாததால் இங்கே இடமில்லை.

வசந்தத்தில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து நிதியுதவிக் கடிதம் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "5,500 டாலர் கடன் கொடுத்துட்டு அதையும் உதவின்னு எழுதியிருக்கானே!" உடனே அந்தக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு ஃபோன். பாஷை ஆங்கிலம், ராகம் ரங்கநாதன் தெரு. பக்கத்துக் காலேஜில் குறைவு, சரக்கு ஒன்றுதான், கடைசியாக என்ன சொல்கிறீர்கள் என்று முக்கால் மணி நேரம் இழுத்து, மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாக மறுமுனையில் பேசிய பெண் இறங்கி வந்த கட்டத்தில் மகன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அப்பா, நான் நேத்தே ரட்கர்ஸுக்கு டெபாசிட் கட்டிட்டேன். அம்மா கார்டுல."