கனமான பொருளுங்க மாமா

கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு சாமான் நல்லதா, மட்டமா என்பதைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்வார்கள். பம்புசெட் மோட்டாராக இருந்தால் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டே "பரவால்லீங்" என்பார்கள். கிரைண்டராக இருந்தால் கல்லை அசைத்துப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் உள்ளே இரும்பும் செம்பும் ஒழுங்காகப் போட்டிருக்கிறான். லேசாக இருந்தால் எங்கேயோ மிச்சம் பிடித்திருக்கிறான். வார்ப்படப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த ஊருக்கு இந்த அளவுகோல் மோசம் செய்ததில்லை. லென்ஸ் வாங்கப் போனால் மட்டும் தலைகீழாகிவிடுகிறது.

என் மச்சினன் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவன். "பொழுதுபோக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், பிரஷர் குறையும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மீன் வளர்த்திருக்கலாம், வீணை கற்றிருக்கலாம். அவன் காட்டுயிர்ப் புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டான். காரணம் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். பொள்ளாச்சியில் அக்கா வீடு இருக்கிறது. அக்கா வீட்டில் சாமான் தூக்க ஒரு மாமா இருக்கிறார்.

காந்திபுரத்துக் கடைக்குப் போனோம். கேமரா இன்னும் வாங்கவில்லை. முதலில் லென்ஸ், அதற்குப் பொருந்துகிற கேமரா பிறகு என்பது அவன் திட்டம். கடைப்பையன் விவரமானவன். கேனன் 100-400, இரண்டாம் பதிப்பை எடுத்து வைத்தான். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சியைக்கூட எடுக்கலாம் என்றான். மச்சினன் அதை ஒரு கையால் தூக்கினான், ஒரு கையாலேயே கீழே வைத்தான். அதோடு அதன் கதை முடிந்தது. அடுத்து நிக்கான் 200-500, 2,300 கிராம். சோனி 200-600, 2,115 கிராம். சிக்மா 150-600-இல் இரண்டு உருப்படி, ஒன்று 1,930 கிராம், மற்றது 2,860 கிராம். இரண்டுக்கும் எட்டுகிற தூரம் ஒன்றுதான் என்று பையன் சொன்னதும், "அப்ப இதுதாங்க நல்லது" என்று கனமானதைத் தட்டிக் காட்டினான். அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது சரி. அது மழைக்கும் தூசிக்கும் தாங்கும்படி கட்டியது.

பிறகுதான் பையன் அறியாமல் ஒரு வார்த்தையை விட்டான்: "600 எம்எம் எஃப்4 பாக்குறீங்களாண்ணா?"

இந்த 600 எஃப்4 பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். எஃப்4 என்றால் லென்ஸின் வாய் அதன் குவிய நீளத்தில் நாலில் ஒரு பங்கு. அறுநூறை நாலால் வகுத்தால் 150 மில்லிமீட்டர். ஆக, முன்னால் ஒரு சிற்றுண்டித் தட்டு அகலத்துக்குக் கண்ணாடி வைத்தே ஆகவேண்டும். எந்தக் கம்பெனி செய்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. கேனன் 1999-இல் கொண்டுவந்த நடுக்கம் தாங்கும் 600-இன் எடை 5,360 கிராம். அதற்கடுத்த பதிப்பு 3,920. 2018-இல் வந்த மூன்றாவது பதிப்பு 3,050. அதே நீளம், அதே வாய். முன்பக்கத்தில் கிடந்த கனமான கண்ணாடிகளைப் பின்னுக்குத் தள்ளி, அளவைச் சுருக்கி, இரண்டு கிலோவுக்கு மேல் கழித்திருக்கிறார்கள். அந்தக் கழித்த கிலோவுக்குத்தான் காசு. புதியது பத்து லட்சத்தைத் தாண்டும். பழையது, செகண்ட்ஹேண்டில், அதில் ஒரு துண்டு விலைக்கு வரும்.

மச்சினன் பையனை இரக்கத்தோடு பார்த்தான். "ஏந்தம்பி, எடை கொறையக் கொறைய வெல ஏறுதா? இதைத் திருப்பூர்ல சொன்னா சிரிப்பாங்க."

திருப்பூரில் நூல் கிலோக் கணக்கில்தான் வாங்குவார்கள். கிலோ கூடினால் விலை கூட வேண்டும். அவன் பழைய 600-ஐ இரண்டு கைகளாலும் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "கனமான பொருளுங்க மாமா."

பேச்சு கன்வர்ட்டருக்கு வந்தது. டெலிகன்வர்ட்டர் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் செருகுகிற ஒரு சிறு குழல். லென்ஸ் கொடுக்கிற பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கிக் கேமராவுக்கு அனுப்பும். ஒறம்பரை எச்சாக வந்துவிட்டால் மோரில் தண்ணீர் ஊற்றிப் பந்தியை ஒப்பேற்றுகிற வேலைதான் இது. 1.4 மடங்கு கன்வர்ட்டர் வெளிச்சத்தில் பாதியைத் தின்னும். 2 மடங்கு முக்காலைத் தின்னும். 600 எஃப்4 லென்ஸில் முதலாவதைப் போட்டால் 840 எஃப்5.6, இரண்டாவதைப் போட்டால் 1200 எஃப்8. எஃப்8 என்றதும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் பல ஃபோகஸ் செய்ய மறுத்துவிடும். சில நடுப்புள்ளியை மட்டும் வைத்துத் தடவும். மிரர்லெஸ் கேமராக்கள் இதில் எவ்வளவோ மேல். 200-600 எஃப்6.3 லென்ஸில் 2 மடங்கைச் செருகினால் எஃப்13 ஆகிவிடும். நடுமத்தியான வெயிலில் கொக்கு எடுக்கத்தான் அது ஆகும்.

பையன் இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னான். மச்சினன் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டுக்கும் வெல என்ன?" கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றான் பையன். "அப்புறம் எவனாச்சும் ஒண்ணே முக்கால்கூட இல்லாததை வாங்குவானா?"

2 மடங்கு பில் போடப்பட்டது.

வரும் வழியில் நான் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர். தென்னிந்தியக் காடுகளில் திரிந்து யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1970-இல் பத்மஸ்ரீ. 1950-இல் ஸ்டேட்ஸ்மன் இதழில் தொடங்கிய பத்தியை 1996-இல் சாகும்வரை எழுதினார். அவருடைய கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றின் உடம்பு, வேறொன்றின் லென்ஸ், நடுவில் அவரே செய்த ஒட்டு. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சினன், "அதோட எடை எவ்வளவுங்க மாமா?" என்றான்.

இனி வால்பாறை. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. அங்கே வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு அது. 1975-இலேயே அதைப் பற்றி ஆய்வு செய்த ஈ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று பாறை விளிம்பில், நல்ல தூரத்தில், ஒரு கிடா நின்றது. மச்சினன் ஸ்டாண்டை விரித்து, கிம்பல் தலையைத் திருகி, லென்ஸை நான் ஏந்த, கன்வர்ட்டரைச் செருகி முடிப்பதற்குள் ஆடு மேய்ச்சலை முடித்து அசைபோட உட்கார்ந்துவிட்டது. 1200 எம்எம். பார்த்தான். மறுபடியும் பார்த்தான். "என்னுங்க மாமா, வெள்ளையாத் தெரியுது?"

ஆட்டுக்கும் நமக்கும் நடுவில் மஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய லென்ஸுக்காரர்கள் பலர் மறந்துபோகிற சங்கதி இது: தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கினால் நடுவில் இருப்பதும் சேர்ந்துதான் பெரிதாகும். சமவெளியிலிருந்து ஏறுகிற வெக்கை, தூசி, மஞ்சு எல்லாமே. எவ்வளவு லட்சம் போட்டாலும் காற்றைத் துடைக்க முடியாது. இடையில் பஸ் ஒன்று நின்று, ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் "என்ன சீரியலுங்க?" என்று கேட்டார். மச்சினன் பதில் சொல்லவில்லை.

மேலே புதுத்தோட்டத்தில் சங்கடம் நேரெதிர்த் திசையிலிருந்து வந்தது. சிங்கவால் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. அடர்ந்த காட்டில் உச்சிக்கிளையை விட்டு இறங்காத பிராணி. காடு துண்டுதுண்டாகி, தேயிலைக்கு நடுவே மாட்டிக்கொண்ட புதுத்தோட்டத்துக் கூட்டம் மட்டும் சாலையோரத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் இறங்கி வரும். சாலையைத் தாண்டுவதற்காக அவற்றுக்கு மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு பெரிய ஆண், பாலம் நமக்கெதற்கு என்று கல்திட்டில் வந்து உட்கார்ந்து வெள்ளைப் பிடரியைச் சிலிர்த்தது. எங்களிடமிருந்து இரண்டு மீட்டர் இருக்கும்.

அந்த 600 லென்ஸ் ஐந்தரை மீட்டருக்குள் இருக்கும் எதையும் ஃபோகஸ் செய்யாது. மச்சினன் பின்வாங்கினான். குரங்கு நாலடி முன்னே வந்தது. மீண்டும் பின்வாங்கினான். பின்னால் தேயிலைச் சரிவு. கொழுந்து மூட்டையைச் சுமந்துகொண்டு வந்த ஒரு அக்கா நின்று எங்களைப் பார்த்தார். அவர் மூட்டைக்கு முன்னால் எங்கள் லென்ஸ் எல்லாம் ஒரு கனமே இல்லை. "இந்தக் கொரங்கையா எடுக்கறீங்க? தெனமும் லைன் வீட்டுல சோத்துப் பானையத் தொறக்குது. அங்க வாங்க, கையில புடிச்சுக்கிட்டே எடுக்கலாம்." பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் செல்போனை நீட்டி, பிடரி முடி ஒவ்வொன்றும் தெரிய எடுத்து மச்சினனுக்கே காட்டினான்.

சோலைக்குள் நுழைந்தால் வேறொரு கணக்கு. பகல் பதினொரு மணிக்கும் உள்ளே பொழுதோடத்து வெளிச்சம்தான். 1200 எம்எம்முக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும், இல்லையென்றால் படம் ஆடும். எஃப்8-இல் அது கிடைக்க ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஏற்றினால் படத்தில் ரவை கொட்டியது தெரியும். ஆலமரத்துப் பழத்துக்கு இருவாச்சி வருகிறது. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சிறகுச் சத்தம் கேட்டுவிடும், அவ்வளவு பெரிய பறவை. வந்தது. கிளையில் நின்று பழத்தை மேலே எறிந்து விழுங்கியது. கன்வர்ட்டர் போட்ட லென்ஸ் முன்னும் பின்னும் தடவியது, இலையைப் பிடித்தது, மஞ்சைப் பிடித்தது, கடைசியில் காலிக் கிளையை மிகத் துல்லியமாகப் பிடித்தது. "கழட்டித் தொலை" என்றேன். கழற்றினான். அடுத்து வந்த பெட்டையை வெறும் 600 எஃப்4-இல் எடுத்தான். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அபாரமான படம். அந்தக் கண்ணாடியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேர் காலிலும் அட்டை ஏறியிருந்தது பிறகு தெரிந்தது.

பீன்பேக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜீப் ஜன்னலில் லென்ஸைத் தாங்க ஒரு துணிப்பை வைப்பார்கள். வெறும் பையாகக் கொண்டுபோய், போகிற ஊரில் அரிசியோ பருப்போ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். மச்சினன் பச்சைப்பயறு போட்டான். தென்மேற்குப் பருவமழையில் வால்பாறைக்குப் போனவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மழை அதிகம் கொட்டும் இடங்களில் ஒன்று. பை ஊறியது, மறுநாள் உப்பியது, அதற்கடுத்த நாள் தையல் வழியாக முளை எட்டிப் பார்த்தது. பொள்ளாச்சி திரும்பியதும் என் மனைவி பையைப் பிரித்துச் சுண்டல் செய்துவிட்டாள். அந்தப் பயணத்தில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான்.

யானை விஷயத்தில் மட்டும் எனக்கு வேடிக்கை வருவதில்லை. எங்கே யானை நிற்கிறது என்பதைச் செல்போன் செய்தியிலும், கம்பத்து உச்சியில் மின்னும் சிவப்பு விளக்கிலும் எஸ்டேட் ஜனங்களுக்குச் சொல்லும் ஏற்பாடு வால்பாறையில் உண்டு. இதை உருவாக்கியதற்காக இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. அந்தச் சிவப்பு விளக்கு, வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்கு. கேமராக்காரர்கள் சிலர் அதையே பார்த்து அந்தப் பக்கம் போகிறார்கள். தூரத்தில் நிற்பதற்காகத்தான் நீண்ட லென்ஸ் கண்டுபிடித்தார்கள். அதை வாங்கியவர்களே இன்னும் பத்தடி முன்னே போகத் துடிப்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். மச்சினனும் காலை எடுத்து வைத்தான். உடன் வந்த வாட்ச்சர், "அஞ்சு கிலோவத் தூக்கிட்டு ஓடுவீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டார். காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

ஆகவே, லென்ஸ் வாங்க உத்தேசிக்கிறவர்களுக்கு என் தீர்ப்பு. வால்பாறைக்கு 100-400 தாராளம். இருவாச்சி மேல் ஆசை இருந்தால் 200-500 அல்லது 200-600. நல்ல வெயில் நாளுக்கு 1.4 கன்வர்ட்டர் பையில் கிடக்கட்டும். 2 மடங்கை வாங்காதீர்கள், என் மச்சினனுடையது பெட்டியோடு விற்பனைக்கு இருந்தாலும் வாங்காதீர்கள். புதுத்தோட்டத்தில் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். குரங்கைக் கிட்டே கூப்பிட வாழைப்பழமும் சிப்ஸும் நீட்டாதீர்கள். தீனிக்குப் பழகிய குரங்கு சாலைக்கு வரும், சாலைக்கு வந்தது வண்டியில் அடிபடும். அது தானாகவே கிட்டே வந்துவிட்டால் நீங்கள் ஐந்தரை மீட்டர் பின்னால் போங்கள். லென்ஸ் எதுவாக இருந்தாலும் சரி, அந்தத் தூரம் போதும்.