நட்டு கழண்ட கதை

ஒருவருக்குப் புத்தி கொஞ்சம் பிசகினால் 'நட்டு கழண்டுபோச்சு' என்கிறோம். அமெரிக்காவின் டாட்ஜ் கம்பெனி இதை 1990-களில் அட்சரம் பிசகாமல் இரும்பிலேயே செய்து காட்டியது.

1989-இல் டாட்ஜின் ராம் பிக்கப் வண்டி 1972-ஆம் வருஷத்து உடம்போடு நின்றுகொண்டிருந்தது. வியாபாரத்தை ஃபோர்டும் செவர்லேயும் அள்ளிக்கொண்டு போயின. டாட்ஜ்காரர்கள் நேராகக் கம்மின்ஸ் என்ற எஞ்சின் கம்பெனியிடம் போய் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினைக் கேட்டு வாங்கி வந்தார்கள். டிராக்டருக்கும் லாரிக்கும் என்று பிறந்த எஞ்சின் அது, எடை அரை டன். பிற்பாடு ஜாம்ஷெட்பூரில் செய்து நம்மூர் டாடா லாரிகளில் மாட்டினார்களே, அதே ஆசாமிதான். மூட்டை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏற வேண்டியவரைப் பால் பாக்கெட் வாங்கப் போகும் வண்டியில் உட்கார வைத்தார்கள். 160 குதிரைசக்திதான். ஆனால் இழுவை 400 பவுண்டு-அடி, அதுவும் 1,700 சுற்றிலேயே.

முதலில் ஜெர்மனியின் கெட்ராக் கியர் பாக்ஸ் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியது. 1994-இல் புது ராம் வந்தபோது என்வி4500 என்ற ஐந்து கியர் பாக்ஸ் வந்து சேர்ந்தது. அதில் முதல் கியர் மரத்தை வேரோடு பிடுங்குவதற்கு. காலி வண்டிக்காரர்கள் இரண்டாவதில்தான் எடுப்பார்கள். வில்லங்கம் டாப் கியரில் இருந்தது. அந்தப் பல்சக்கரம் மெயின் ஷாஃப்டின் வால்பக்கம் செருகியிருக்கும், நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு நட்டு. கம்மின்ஸோ ஓடும்போது உலக்கையால் இடிப்பது போல ஒவ்வொரு சிலிண்டராக இடிக்கிறவர். இடிக்க இடிக்க நட்டு கால் சுற்று, அரைச் சுற்று என்று நகர்ந்தது. பின்னாலேயே சக்கரமும் நகர்ந்து ஷாஃப்டின் பல்லை விட்டு இறங்கிவிட்டது.

ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. நெடுஞ்சாலையில் டாப்பில் போட்டுக் கிளட்சை விடுவார். எஞ்சின் 'ஓ'வென்று கத்தும், வண்டி தன் பாட்டுக்கு உருளும். கியர் ராடு இருக்கிறது, கிளட்ச் இருக்கிறது, ஐந்தாவதை மட்டும் காணோம். நாலு கியரோடு நொண்டி வீடு சேர வேண்டியதுதான். அந்த நட்டைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே வெளிக்கடைகளில் தனி நட்டு விற்றுப் பிழைத்தார்கள்.

ஜீப் வீட்டிலும் இதே கூத்து. 1987-இல் கமான்சி பிக்கப்புக்கு 4 லிட்டர், 173 குதிரைசக்தி எஞ்சின் வைத்தார்கள். அப்போது ஜீப் கம்பெனியில் கணிசமான பங்கு பிரான்சின் ரெனோவிடம். கியர் பாக்ஸோ ரெனோவின் பங்காளி வீடான பெஜோவிடமிருந்து வந்தது! தேங்காய் மூடி இரண்டை ஒட்டவைத்த மாதிரி அலுமினியப் பெட்டி. அந்த எஞ்சினிடம் உதை வாங்கித் தாங்கவில்லை. 1989-இல் ஜப்பான்காரரின் ஐசின் வந்து மானத்தைக் காப்பாற்றியது. பெஜோவை ரொம்பத் திட்டவும் மனசு வரவில்லை. நம் மஹிந்திரா ஜீப்பில் மலையேறியது அவர்கள் டீசல் எஞ்சின்தானே.

டாட்ஜுக்கு இதெல்லாம் போதவில்லை. லாரிக்கென்று யோசித்த பத்து சிலிண்டர் எஞ்சினை, அப்போது கைவசமிருந்த லம்போர்கினியிடம் கொடுத்து அலுமினியத்தில் வார்க்கச் சொல்லி, வைப்பர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்திருந்தார்கள். 2004-இல் அதையே, 8.3 லிட்டராக வளர்ந்து 500 குதிரைசக்தியோடு, பிக்கப்புக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பட்டணம் போய் சூட் கோட்டோடு ஊர் திரும்பிய பிள்ளை மாதிரி. கூடவே வைப்பரின் ஆறு கியர் பாக்ஸும் வந்தது. ராம் எஸ்ஆர்டி-10 என்று பெயர் வைத்தார்கள். கார் பந்தயக்காரர் பிரெண்டன் கான் அதை மணிக்கு 248 கிலோமீட்டருக்கு மேல் விரட்டி கின்னஸில் ஏற்றினார். தொட்டியில் ஒரு கட்டு வைக்கோல் போட்டிருந்தால் வண்டி போய்ச் சேர்ந்திருக்கும், வைக்கோல் பக்கத்து ஜில்லாவில் கிடந்திருக்கும். மறு வருஷம் நாலு கதவு வைத்தபோது ஆட்டோமேட்டிக்தான் கொடுத்தார்கள். குடும்பஸ்தனுக்குக் கியர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல.

கம்மின்ஸ் ராமில் கையால் கியர் போடுவதும் 2018 மாடலோடு நின்றுபோனது. ஆனால் தொண்ணூறுகளின் பழைய ராம் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. விவரமறிந்தவர் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை, துருவைப் பார்ப்பதில்லை. சாவியை வாங்கி நேரே நெடுஞ்சாலைக்குப் போய், டாப்பில் போட்டுக் கிளட்சை விட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.