ஒருத்தர் போட்ட சட்டை

பெரியப்பாவின் மாருதி கார் செகண்ட் ஹேண்ட். "ஈரோட்டு டாக்டர் ஒருத்தர் வெச்சிருந்த வண்டிங்க, கண்ணாட்டம் பாத்துக்கிட்டாரு" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். வீடும் அவர் கட்டியதல்ல. நொடித்துப்போன ஒரு பனியன் முதலாளியிடம் படிந்த விலைக்கு முடித்தது. தேக்குக் கட்டில் ஏலத்தில் எடுத்தது. கைபேசி மகன் சலித்துப் போட்டது. மத்தியானம் படுத்துக்கொண்டு வாசிக்கிற சரித்திர நாவல்கள் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ எழுதிய பிறந்தநாள் வாழ்த்து அப்படியே இருக்கும். ஆனால் சட்டை என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

"ஒருத்தன் போட்டு அவுத்ததை இன்னொருத்தன் காசு குடுத்து வாங்கிப் போடறதா? நல்லாருக்குதே கதை!"

இந்தப் பெரியப்பா எல்லா ஊரிலும் உண்டு. சில வீடுகளில் மாமா, சில வீடுகளில் மாமியார். நான் பக்கத்தில் இருந்து பார்த்த உருப்படி திருப்பூர்க்காரர். ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். துணி விஷயத்தில் அவர் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

வாதங்களைப் படிப்படியாகத்தான் வைப்பார். முதலில் வேர்வை. துவைத்தால் போய்விடுமே என்றால், சொறி சிரங்கு. வெந்நீரில் அலசலாமே என்றால், குரலைத் தாழ்த்திக்கொள்வார். "போட்டவன் உசுரோட இருக்கானோ என்னமோ? அவன் தரித்திரம் நம்மளுக்குத் தொத்திக்கிட்டா என்ன பண்றது?" இதற்கு மேல் எந்த சோப்பும் வேலை செய்யாது. டாக்டரின் காரில் டாக்டரின் தரித்திரம் தொற்றாதா என்று கேட்கலாம்தான். கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகும்.

அவருடைய சட்டத்திலிருந்து விதிவிலக்குகளைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பது தனி வேடிக்கை. அவர் மேலே பட்ட முதல் துணியே பழசு. பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன வேட்டியைக் கிழித்துச் சுற்றுவது நம் வழக்கம். அதிலும் தீர்க்காயுசாக இருக்கிற பெரியவருடைய வேட்டியாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வருவார்கள். மகன் கல்யாண ரிசப்ஷனுக்கு எடுத்த ஷெர்வானி வாடகை. அதற்கு முன் எத்தனை மாப்பிள்ளைகள் அதற்குள் வியர்த்தார்கள் என்பது கடைக்காரருக்கே தெரியாது. அந்த ஜரிகையைத் துவைக்கவும் முடியாது. சென்னைக்குப் போனால் சேரன் எக்ஸ்பிரஸ் ஏ.சி. பெட்டியில் ரயில்வே கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக் குறட்டை விடுவார். கம்பளிகளை மாதம் ஒரு தடவையாவது துவைக்கிறோம் என்று 2024-இல் ரயில்வே அமைச்சரே மக்களவையில் பதில் சொன்னார். முப்பது ராத்திரி, முப்பது கழுத்து. அதில் பெரியப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது பெரியம்மாவின் பீரோ. அதில் தனித் தட்டில் மஞ்சள் துணி சுற்றி மூன்று புடவைகள் இருக்கின்றன. அம்மனுக்குச் சாத்தியவை, கோயில் ஏலத்தில் எடுத்தவை. ஏலத்தன்று பெரியப்பா கடைசிவரை விடாமல் கேட்டு, கடை விலைக்கு மேலேயே போய்த்தான் ஒன்றை எடுத்தார். பழைய துணியைப் புதுத்துணியைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டு ஊரெல்லாம் சொல்லி மகிழ்கிற வியாபாரம் உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. திருமலை தேவஸ்தானம் இதை இணையத்திலேயே நடத்துகிறது. காணிக்கையாக வந்த துணிகளில் புதியது, பயன்படுத்தியது, லேசாகச் சேதமானது என்று பிரித்து மின் ஏலம். அந்தத் தரம் பிரிப்பைப் பார்த்தால் அமெரிக்கப் பழந்துணிக் கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடுவான். "அது வேற கண்ணு, அது பிரசாதம்" என்பார் பெரியப்பா. சரிதான். யார் கட்டியது என்று தெரிந்தால் போதும் போலிருக்கிறது.

போதாது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி போய் இறங்கியது. மீனவர்கள் அதைத் தொடவில்லை. எல்லாம் போனாலும் ஊரான் கழற்றிப் போட்டதைக் கட்டுவதற்கு நாங்கள் பிச்சைக்காரர்கள் இல்லை என்றார்கள். மூட்டைகள் சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தன. அதில் பெரியப்பா அனுப்பிய மூட்டையும் ஒன்று. அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "கிழிசல் இல்லாததாப் பாத்துப் பாத்துத்தானே கட்டி அனுப்புனேன்! போட்டுக்கிட்டா என்னவாம்?" அதே வாய்தான். ஒருத்தன் போட்டு அவுத்ததை இன்னொருத்தன் போடலாமா என்று கேட்கிற அதே வாய்.

அவருக்கு அருவருப்பு துணி மேல் இல்லை. துணி எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் எல்லாம். பண்ணையார் வேட்டி பண்ணையத்து ஆளுக்கு, முதலாளி பையன் சட்டை டிரைவர் பையனுக்கு, பெரியம்மாவின் சாயம் போன புடவை வீட்டு வேலைக்கு வருகிறவருக்குப் பொங்கல் படியோடு. மேலிருந்து கீழே இறங்குகிறவரை பழைய துணி அவருக்குத் தர்மம், இயற்கை, மழை பெய்வது மாதிரி. அதை நாமே போய்க் காசு கொடுத்து வாங்கினால் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஊர் கணக்குப் போட்டுவிடும். பயம் அந்தக் கணக்குக்கு. வேர்வை, சொறி, தரித்திரம் எல்லாம் அந்தப் பயம் போட்டுக்கொள்கிற சட்டைகள்.

இந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அத்தை ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். ஆறாம் வகுப்பில் வசதியான மாமன் வீட்டுப் பையனின் பழைய டவுசரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். அந்தப் பையனும் அதே வகுப்பு. "டேய், அது என்ற டவுசர்டா!" என்று பிரேயரில் வைத்துக் கத்திவிட்டான். அன்றைக்கு அவிழ்த்த டவுசரை அப்புறம் அவர் தொடவில்லையாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவரைக் கிண்டல் செய்வது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் விட மனமில்லை.

ஏனென்றால் மனிதர் அமெரிக்கா போய்விட்டு வந்தார்.

மகன் நியூ ஜெர்சியில். நவம்பர் குளிரில் போய் இறங்கினார். கொண்டுபோன ஸ்வெட்டர் விமான நிலைய வாசலிலேயே தோற்றுவிட்டது. மருமகள் ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். பளிச்சென்று விளக்கு, சைஸ் வாரியாக, நிறம் வாரியாக ஹாங்கரில் மாட்டிய சட்டைகள், டிரையல் ரூம், தள்ளுவண்டி. பெரியப்பா ஒரு கனத்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. விலைச் சீட்டைப் பார்த்து ரூபாய்க்கு மாற்றினார். மறுபடி மாற்றினார். "புள்ளி எங்கயோ தப்பா வெச்சுட்டாங்க, அவிங்க பாக்கறக்குள்ள பில்லுப் போட்ருலாம்" என்று மருமகள் காதில் ரகசியமாகச் சொன்னார்.

அது குட்வில். 1902-இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் தொடங்கிய ஏற்பாடு. வசதியானவர்கள் வீடுகளில் வேண்டாத துணிமணிகளைச் சேகரிப்பார். அதை அப்படியே ஏழைகளிடம் நீட்டாமல், வேலையில்லாதவர்களைக் கொண்டு தைத்துச் செப்பனிட்டு விலை வைத்து விற்பார். அந்தக் காசில் அவர்களுக்கே கூலி. அதாவது பெரியப்பா பயப்படுகிற படிக்கட்டையே அந்த மனிதர் கழற்றிவிட்டார். கொடுத்தவர் யாரென்று எடுத்தவருக்குத் தெரியாது. எடுத்தவர் கைகூப்பவும் வேண்டாம். பிரேயரில் கத்துவதற்கு ஆள் இல்லை. பல கிளைகளில் வாரம் ஒரு நிறச் சீட்டுக்குப் பாதி விலை என்ற சலுகை வேறு. அதற்குக் காத்திருந்து வாங்குகிற கம்ப்யூட்டர்காரத் தமிழர்கள் அங்கே ஏராளம். வாங்கிவிட்டு ஊருக்கு அனுப்பும் போட்டோவில் மட்டும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

உண்மை வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. பெரியப்பா சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, குளிர். மெல்லப் பாக்கெட்டுக்குள் கை விட்டார். உள்ளே ஒரு பழைய லாண்டரி சீட்டு. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள் மருமகள். "பாத்தியா? டிரை கிளீன் பண்ணித்தான் குடுத்திருக்கான். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்!" அந்தக் கடைகளில் பெரும்பாலும் துணியைத் துவைத்து விற்பதில்லை, துவைத்துக் கொண்டுவந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொள்வதோடு சரி என்பதை அவள் சொல்லவில்லை. நல்ல மருமகள்.

அடுத்த வாரம் அவரே கிளம்பச் சொன்னார். டி-ஷர்ட் வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பக்கத்துத் தையலை இழுத்துப் பார்த்தார். கடைப் பெண் திருடனோ என்று பார்த்திருக்கிறாள். "மேட் இன் இந்தியா" என்ற லேபிளோடு ஒன்று அகப்பட்டது. "ஓவர்லாக்கைப் பாரு, இது நம்மூருத் தையல். இதைப் போடறதுக்கு நம்மளுக்கு என்ன கூச்சம்? நம்ம சரக்கை நாம திருப்பி எடுக்கறோம்!" நாலு எடுத்தார்.

திருப்பூர் திரும்பியதும் சட்டம் மறுபடி அமலுக்கு வந்துவிட்டது. மார்கழி காலை நடைக்கு அந்த ஜாக்கெட்டோடுதான் போகிறார். கேட்பவர்களுக்கு, "அமெரிக்காவுல எடுத்ததுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இதற்கிடையில் என் தங்கை இன்ஸ்டாகிராமில் த்ரிஃப்ட் கடைகள் பிடித்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் ஒரு நேரம் சொல்லிப் படங்களைப் போடுவார்கள். எல்லாம் ஒற்றைப் பீஸ், முதலில் கேட்டவருக்கு. இந்தத் தலைமுறைக்குப் பழசு வாங்குவது வெட்கம் இல்லை, பூமியைக் காப்பாற்றுவது. மாதம் ஏழெட்டு வாங்கினால் பூமி எப்படிக் காப்பாற்றப்படும் என்பது எனக்கு விளங்கவில்லை. அது வேறு கட்டுரை. அவள் வாங்கிய ஜீன்ஸ் சட்டையைப் பார்த்துப் பெரியப்பா வழக்கமான வேர்வையில் ஆரம்பித்தார். அவள் பேசாமல் கைபேசியை நீட்டினாள். விற்பவர் போட்ட படத்தில் கைமடிப்பில் இருந்த சின்னக் கறைக்கு நேராக ஒரு சிவப்பு அம்புக்குறி. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். முப்பது வருடம் அவர் ஒட்டிக்கொண்டிருந்தது அதே சிவப்பு அம்புதான்.

"அட, செக்கிங் பரவால்லியே இவிங்க" என்றார். வேர்வைப் பேச்சு அத்தோடு நின்றது.

ஆசாரம் இப்படித்தான் காலம்காலமாக ஓட்டையோடு இருந்திருக்கிறது. சலவைக்கு வந்த துணியை உடையவருக்குத் தெரியாமல் வாடகைக்கு விடுகிற வழக்கம் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட "தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்" தொகுதிகளில் குறிப்பு இருக்கிறது. பெரியப்பாவின் தாத்தா வேட்டியை யார் யார் எந்தெந்தக் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனார்களோ, திரும்பி வந்த வேட்டியைத் தாத்தா மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு எத்தனை பேருக்கு ஆசாரம் போதித்தாரோ!

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியப்பாவைத் திருத்தப் புறப்படாதீர்கள். வாங்கிய சட்டையை வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டு, ஓரத்தில் மஞ்சள் வைத்துப் போட்டுக்கொண்டு எதிரே போய் நில்லுங்கள். எங்கே எடுத்தாய் என்று கேட்டால், காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று சொல்லுங்கள். தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். விலையை மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். தனக்கும் ரெண்டு எடுத்து வரச் சொல்வார், நாற்பத்திரண்டு சைஸில்.