டிட்டுக்குப் பின் கோ

புனேயில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து இருக்கிற சொசைட்டி என்றால், அதில் ஒரு கிராமர் மாமா கட்டாயம் இருப்பார். டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் மாதிரி ஏதாவதொரு ஆபீசில் அடுத்தவர் எழுதிய டிராஃப்டைச் சிவப்பு மையால் குதறியே ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முடிந்துவிட்டது, மை தீரவில்லை.

இவரிடம் வாயைத் திறக்குமுன் வினைச்சொல்லை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. புதிதாகக் குடிவந்தவர் மரியாதையாக, "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ரன்" என்றார். "அப்படியா, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் மாமா. ஹிஞ்ஜேவாடியில் ஐ.டி. வேலை பார்க்கிற மூன்றாம் மாடிப் பையன் லிஃப்டில் மாட்டிக்கொண்டான்.

"டுடே ஐ டிட் நாட் வென்ட் டு ஆபீஸ், அங்கிள்."

"கோ! கோ!" என்று மாமா அலறினார். டிட்டுக்குப் பின்னால் கோதான் வரவேண்டும் என்பது அவர் கட்சி. பையன் தன்னைத்தான் போகச் சொல்கிறார் என்று அடுத்த மாடியிலேயே இறங்கி ஓடிவிட்டான். இப்போதெல்லாம் அவனுக்குப் படிக்கட்டுதான்.

மாமாவின் வேதம் ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென், பட்டாளத்துச் சாகசக் கதையான 'போ ஜெஸ்ட்' நாவலை 1924இல் எழுதியவர். இலக்கணத்துக்கும் லெஃப்ட் ரைட் போடவைத்தவர் என்பதால் மாமாவுக்கு அவரிடம் கூடுதல் பக்தி. வேதத்தில் இல்லாத சொல் காதில் விழக்கூடாது. சொசைட்டி மீட்டிங் 'ப்ரீபோன்' ஆகியிருப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று மாமா பழைய நேரத்துக்கே போனார். அதற்குள் மெயின்டெனன்ஸை ஏற்றி, டீயும் குடித்து முடித்திருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்தாயிற்று என்று யாரோ செல்போனில் காட்டினார்கள். "ஆக்ஸ்ஃபோர்டும் கெட்டுப்போச்சா?" என்றார்.

ஆங்கிலத்தைப் புலிப்பால் என்று சொன்ன விஷ்ணுசாஸ்திரி சிப்ளுங்கர் இந்த ஊர்க்காரர்தான். 1880இல் திலகரோடும் அகர்க்கரோடும் சேர்ந்து நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கியவர். நமக்கும் புலிப்பால் புதிதல்ல. பந்தள ராணி தலைவலி தீரக் கேட்டாள். மாமா குடித்த பாலிலோ சொசைட்டிக்கே தலைவலி.

மாமிக்கு இந்தக் கவலை எதுவுமில்லை. "யெஸ்டர்டே கம், டுமாரோ கம்" என்று காலத்தைக் காற்றில் விட்டுவிடுவாள். பிளம்பர் சொன்ன நாளில் வந்து நிற்பான். மராத்தியோ மண்டைக்காரர்களே அசந்துபோகிற அளவுக்கு வரும். மண்டை என்றால் நம் தலையல்ல, மகாத்மா புலே மண்டை, காய்கறி மார்க்கெட். மாமா தெரிந்துவைத்திருக்கிற கொஞ்ச மராத்தியும் மாமி பேசக் கேட்டு வந்ததுதான். வினை அங்கேதான். மராத்தியில் 'வரேன்' என்று விடைபெற, ஆண் 'யேத்தோ' என்பான், பெண் 'யேத்தே' என்பாள்.

பையைத் தூக்கிக்கொண்டு மாமா கம்பீரமாக, "மீ யேத்தே" என்றார்.

காய்க்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யேத்தோ, காகா, யேத்தோ!"

"வரேன்னு சொல்றதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? தமிழ்ல எவனாவது கேக்கறானா?" என்று மாமியிடம் பாய்ந்தார்.

"உங்க ரென்னைக் கேளுங்கோ" என்றாள் மாமி.

காய்க்காரிக்குப் பாவமாகிவிட்டது. ஒரு கொத்து கொத்தமல்லியைக் கொசுறாக நீட்டி, "அங்கிள், டுமாரோ யூ கேம், ஐ கேவ் ஃப்ரெஷ்" என்றாள். மாமாவின் உதடு துடித்தது. மாமி அவசரமாகக் கொத்தமல்லியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இப்ப சொல்லுங்கோ" என்றாள்.