அலையா, கணக்கா?

கேள்வி: சுனாமி எவ்வளவு உயரம் வரும் என்று 0.2 விநாடியில் கணினி சொல்லிவிடுமாமே, நிஜமா? (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: நிஜம்தான், வீட்டுப்பாடத்தை முன்பே முடித்திருந்தால்!

அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய கேஸ்கேடியாவில் 1700-இல் பெரும் நிலநடுக்கம் வந்தது. மறுபடி வந்தால் சுனாமியிலிருந்து தப்பக் கரையோர மக்களுக்குச் சில நிமிடங்களே மிஞ்சும். அலையைக் கணிக்க, கடலடி எங்கே, எவ்வளவு உயர்ந்தது என்று அங்குள்ள அழுத்தமானிகளின் அளவை வைத்துப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். விடை தெரியாத எண்கள் சுமார் 100 கோடி. பழைய முறையில் 512 ஜிபியூ சில்லுகள் ஓடினாலும் 50 வருஷமாகும். அலை அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகம், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் முதலியவற்றின் விஞ்ஞானிகள் செய்தது, கல்யாணச் சமையல்காரரின் தந்திரம்தான். முதல் நாள் இரவே காய் நறுக்கி, தேங்காய் துருவி வைத்துவிட்டால், மறுநாள் தாளித்துக் கொட்டுவதுதான் பாக்கி. கனமான சமன்பாடுகளை எல் கேப்பிட்டன் சூப்பர் கணினியில் முன்கூட்டியே தீர்த்து வைத்துக்கொண்டார்கள். அளவுகள் வந்ததும் மீதிக் கணக்குக்கு அந்த 0.2 விநாடி போதும். 2025-இல் சூப்பர் கணினித் துறையின் கோர்டன் பெல் பரிசும் கிடைத்தது. (சோதித்தது கற்பனை நடுக்கத்தில், வேண்டிய அளவு அழுத்தமானிகளை அங்கே கடலடியில் இனிமேல்தான் போட வேண்டும். சமையல் தயார், இலைதான் வரவில்லை!)

முன்பே கணக்கிட்டு வைக்கும் வித்தை நமக்கும் புதிதல்ல. ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் அப்படித்தான் எச்சரிக்கிறது. சுமத்ரா அலை உங்கள் ஊருக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2004 சுனாமியின்போதும் அந்த நேரம் இருந்தது. சொல்லத்தான் மையம் இல்லை. அது வந்தது 2007-இல்.