ஒரு மிஸ்ட் கோலுக்காக ஒரு முழுக் கோல்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு நான்தான் தலைவர் என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் ஒன்றுதான் இருக்கிறது: மாதா மாதம் என் பெயருக்கு வரும் டிஷ் அன்ரனா பில். அதைக் கட்டும் உரிமையில் இதுவரை யாரும் பங்கு கேட்டதில்லை. ரிமோட் மட்டும் வேறு நிர்வாகத்தின் கீழ். மாலை ஆறு மணியிலிருந்து அது மாமியின் மடியில், சேலைத் தலைப்புக்குக் கீழே இருக்கும். மாமி நித்திரைக்குப் போகும்போது என் மனைவி முறைப்படி பொறுப்பேற்பார். இடையில் விளம்பரம் போகும் நேரத்தில், "தம்பி, உங்கட நியூஸைக் கொஞ்சம் பாருங்கோவன்" என்று மாமி பெருந்தன்மையோடு அலைவரிசையை மாற்றுவார். அமைச்சர் வாய் திறப்பார். அதற்குள் விளம்பரம் முடிந்திருக்கும். இந்த நாட்டு அமைச்சர்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்தபடியே நிற்பவர்களாகத்தான் என் மனதில் பதிந்திருக்கிறார்கள்.

அந்த விளம்பரமும் எங்கள் ஊர் விளம்பரமல்ல. தி.நகர் துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது மாமிக்கு மனப்பாடம். படியிறங்கினால் காலி வீதி நெடுகச் சேலைக்கடைகள். அங்கே தள்ளுபடி போட்டால் நான்தான் வந்து சொல்ல வேண்டும். சென்னையில் மழை என்றால் "பாவம் சனம்" என்று உச்சுக் கொட்டுவார். வெள்ளவத்தைக் கால்வாய் நிரம்பி எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நின்ற நாளில், பாணும் பால்மாப் பைக்கற்றுமாக நனைந்து வந்து நின்ற என்னைப் பார்த்து, "வெளியில மழையோ தம்பி?" என்று கேட்டார்.

'எதிர்நீச்சல்' தொடரில் வந்த ஆதி குணசேகரனை மாமி 2022இலிருந்து இரவு தவறாமல் திட்டிவந்தார். வீட்டு மருமகள்மாரை ஆட்டிப்படைக்கும் அந்த மனிதனுக்கு மாமி கொடுக்காத சாபம் இல்லை. 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி, அந்தப் பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து மாரடைப்பால் காலமானார் என்ற செய்தி வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இடியப்பத்தை யாரும் தொடவில்லை.

"மாமி, நேற்று இரவும் நீங்கள் அவனை நாசமாப் போவான் எண்டு…" என்று தொடங்கினேன்.

"அதுதான் தம்பி பயமாக் கிடக்கு" என்றார் மாமி.

பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்துக்கு வந்தார். மாமி வெகுநாள் அவரைத் திட்டவே இல்லை. "புது ஆள், கொஞ்சம் பழகட்டும்" என்று காரணம் சொன்னார். உண்மைக் காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இவ்வளவும் உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் தொடர் பார்ப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காதால் கேட்பதோடு சரி. ஜனனி, ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா என்று நான்கு மருமகள்மாரும் எனக்கு வரிசையாக நினைவில் நிற்பது ஊன்றிப் பேப்பர் வாசித்ததன் பலன்.

இனி லொஸ்லியா விவகாரம். சக்தி ரீவியில் லொஸ்லியா செய்தி வாசித்த காலத்தில், எங்கள் வீட்டில் அவரை அறிந்த ஒரே மனிதன் நான். அதுவும் விளம்பர இடைவேளையில், அரை வசனம் அரை வசனமாக. மற்றவர்கள் அவர் முகம் தெரிந்த உடனே அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். 2019 ஜூனில் கமல் ஹாசனின் பிக் பாஸ் மூன்றாவது சீசனுக்குள் அதே லொஸ்லியா போனார். இங்கிருந்து தர்ஷனும் போனார். அன்று இரவே லொஸ்லியா "எங்கட பிள்ளை" ஆகிவிட்டார். எங்கள் நாட்டுச் செய்தியை எங்கள் நாட்டில் இருந்து வாசித்தபோது துரத்தப்பட்ட பிள்ளை, சென்னையில் ஒரு வீட்டுக்குள் பாத்திரம் கழுவும்போது எங்கள் குடும்பமே வாய் பிளந்து பார்த்தது. அந்த ஆண்டு ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் பொழுதுபட்டால் வெளியே போக யாருக்கும் மனமில்லை. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களை நாங்களும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தே பார்த்தோம்.

சிக்கல் வாக்குப் போடுவதில் வந்தது. எங்கள் தொலைபேசியிலிருந்து வாக்குப் போட வழியில்லை. "இஞ்சேருங்கோ, வளசரவாக்கத்துக்கு எடுங்கோ" என்றார் மனைவி. சென்னையில் அங்கேதான் என் சகலன் இருக்கிறார். காணிப் பங்கு விஷயத்தில் அவரோடு நான் கதைத்து வெகுகாலம். குடும்பப் பெரியவர்கள் எத்தனையோ தரம் சமாதானம் பேசியும் இறங்கிவராத நான், லொஸ்லியாவுக்காக இறங்கினேன். சுகம் விசாரித்தேன். பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி எல்லாம் கேட்டேன். கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். அந்த இலக்கத்துக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கச் சொல்லி முழுசாக ஒரு கோல் எடுத்து, அதற்கு முன்னுரையாகச் சகலனின் முழங்காலை முழுக்கக் கேட்ட மனிதன் நான். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாங்கள் இஞ்ச சாண்டிக்குத்தான் போடுறம்." காணிப் பிரச்சினை அதே இடத்தில் நிற்கிறது. ஒக்டோபரில் மலேசியாவின் முகேன் ராவ் வென்றார், லொஸ்லியாவுக்கு மூன்றாமிடம். வளசரவாக்கத்தை மாமி இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் ஆட்களை நாங்கள் அடையாளம் காண்பதற்கு ஒரு முறை உண்டு. பிள்ளை முதலில் கடல் தாண்ட வேண்டும், அங்கே கைதட்டு வாங்க வேண்டும், பிறகு டிஷ் வழியாக எங்கள் வீட்டுக்குள் இறங்க வேண்டும். கோயில் திருவிழாவில் ஒரு சிறுமி பாடினால், நாங்கள் கச்சானைக் கொறித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு கதைப்போம். யாழ்ப்பாணத்துக் கில்மிஷா 2023 டிசெம்பரில் ஸீ தமிழின் சரிகமப சிறுவர் போட்டியில் முதலிடம் பெற்றபோது, எங்கள் கட்டடத்தின் எல்லா மாடிகளிலும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நானும் கத்தினேன். கீழ்மாடிக்காரர் கள்ளன் வந்துவிட்டானென்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டார். சிங்களப் பாட்டுக்கும் இதே கதைதான்: யொஹானியின் 'மெனிகே மகே ஹித்தே' 2021இல் இந்தியா முழுக்கப் பரவிய பிறகுதான் எங்கள் மாடியில் தமிழர்களும் அதை முணுமுணுத்தார்கள்.

ஒரு காலத்தில் காற்று மறுபக்கம் வீசியது என்று மகளுக்கு விளக்கப் போனேன். 1950களில் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தார். இந்தியா முழுக்க முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பியது. உலகப் போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டனின் படைத்தலைமைக்காக இயங்கிய ஒலிபரப்பி, போர் முடிந்து எங்கள் வானொலியின் கைக்கு வந்திருந்ததால் சத்தத்துக்குக் குறைவில்லை. ஹிந்திக்காரர்கள் கேட்ட 'பினாக்கா கீத்மாலா' 1952 முதல் போனது கொழும்பிலிருந்துதான். டெல்லி தாக்குப்பிடிக்க முடியாமல் 1957இல் விவித் பாரதியைத் தொடங்கியது. தமிழில் மயில்வாகனம், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று எங்கள் குரல்களைத் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் கேட்டுக்கொண்டிருந்தன. சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மகள் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். "கேஸ்கர் காலத்தில நீங்கள் பிறந்திட்டீங்களோ அப்பா?"

"இல்லை."

"பிறகேன் நீங்கள் நெஞ்சை நிமித்துறீங்கள்?" என்று கேட்டுவிட்டு இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அதற்குள்ளே பி.ரி.எஸ். பாடிக்கொண்டிருந்தது. அந்த ஏழு பேரில் யார் எப்போது கொரிய இராணுவத்துக்குப் போய் எப்போது திரும்பினார் என்பது திகதியோடு அவளுக்குத் தெரியும். நான் ஒருவரின் முகத்தைப் பாடமாக்குவதற்குள் அவர் தலைமயிரின் நிறத்தை மாற்றிவிடுகிறார்.

நான் பிறந்த பிறகு நடந்ததை மகனுக்குச் சொல்லியும் பார்த்தேன். வானொலி நாடகமாக ஓடிய கோமாளிகளை 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவே எடுத்தார்கள். மரிக்காராக எஸ்.ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி.ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன். யாழ்ப்பாணத் தமிழும் முஸ்லிம் தமிழும் சிங்களவர் பேசும் தமிழும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்ளும். எங்கள் கட்டடத்து மின்தூக்கியில் தினமும் கேட்கும் அதே கச்சேரி. அது அப்போது படமாக ஓடியது என்பதை மகனால் நம்ப முடியவில்லை. "லிஃப்டுக்க கதைக்கிறதை எல்லாம் ஆர் காசு குடுத்துப் பாக்கிறது?" என்றான்.

எங்கள் சொந்தச் சரக்கில் இன்றைக்கும் குடும்பத்தில் செல்லுபடியாவது ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' ஒன்றுதான். அதுவும் 1970களிலேயே சென்னை போய், இளையராஜா இசையில் சினிமாவுக்குள் நுழைந்து திரும்பிய பாட்டு. கலியாண வரவேற்பில் இசைக்குழு அதை எடுத்தால், அதுவரை நீரிழிவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த மாமாமார் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு எழும்புவார்கள். மருமகளின் கலியாணத்தில் நானும் எழும்பினேன். பைலா ஆட்டத்துக்கு இடுப்பு ஒரு பக்கம் போனால் தோள் மறுபக்கம் போக வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே பக்கம் போய், ஐஸ்கிறீம் வைத்திருந்த மேசை வரைக்கும் கொண்டுபோய் விட்டன. அதை மகன் படம்பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். டொராண்டோ, லண்டன், மெல்பேர்ண் என்று எல்லா இடத்திலும் பார்த்துவிட்டார்கள். வளசரவாக்கத்திலிருந்து சகலன் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பியிருந்தார். லொஸ்லியாவுக்குப் பிறகு அவர் என்னோடு வைத்துக்கொண்ட ஒரே தொடர்பு அது.

கொட்டாஞ்சேனை நண்பனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவன் தியேட்டர் ஆள். எனக்கு வெள்ளவத்தையில் சவோய் கூப்பிடு தூரம். அவனோ 155ஆம் இலக்க பஸ்ஸில் ஊர் முழுக்கச் சுற்றி வந்து, "அண்ணே, டிக்கெட் எடுத்தாச்சு, வாங்க" என்பான். நாங்கள் வெள்ளவத்தையார் படம் பார்ப்பது பரீட்சைத் தாள் திருத்துகிறமாதிரி; கையைக் கட்டிக்கொண்டு, எங்கே புள்ளி குறைக்கலாமென்று பார்த்திருப்போம். கொட்டாஞ்சேனையார் படத்துக்குச் சொந்தக்காரர். 2023 ஆகஸ்டில் 'ஜெயிலர்' முதல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரஜினி திரையில் வரவும் முன்வரிசை முழுக்கக் கதிரையில் ஏறியது. ஓர் இளைஞன் தூக்கிய கைக்கும் அவன் காதுக்கும் இடையில் இருந்த முக்கோண வடிவ இடைவெளியால் நான் பார்த்தேன்: ரஜினியின் இடது கண்ணாடி தெரிந்தது. நண்பன் விசிலடித்த விசிலில் என் வலது காது இரண்டு நாள் வேலை நிறுத்தம் செய்தது.

வெளியே வந்ததும், "படத்தில லொஜிக் கொஞ்சம் குறைவு" என்றேன்.

"லொஜிக் வேணும்னா வீட்டுல நியூஸ் பாருங்க அண்ணே" என்றான். அதைத்தானே விடுகிறார்களில்லை.

அவனிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அவன் எங்கள் ஊர்ப் படத்துக்கும் இதே விசிலை அடிப்பான். கிங் ரட்ணம் 2018இல் எடுத்த 'கோமாளி கிங்ஸ்' வெள்ளித்திரைக்கு வந்தபோது டிக்கெட் வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டவன் அவன். "சனி பின்னேரம் பார்ப்பம்" என்று இழுத்தவன் நான். சனிக்கிழமை வந்தது, மனைவியின் தங்கை வீட்டார் வந்தார்கள், ஏதோ ஒரு சென்னைப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றும் வந்தது. நான் மேசையில் இருந்து பேப்பர் வாசித்தேன்.

இலங்கைத் தமிழ்ப் படம் எடுப்பவர்களுக்கு என் தரப்பிலிருந்து ஒரு வேண்டுகோள். ஐயா, சனிக்கிழமையில் திரையிடாதீர்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு இறுதிச் சுற்று. வாரநாளில் இரவு ஆறரைக்குப் பிறகும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு காட்சி வையுங்கள். மாமி கோயிலில் இருப்பார், ரிமோட் தனியாகக் கிடக்கும், நான் ஓய்வாக இருப்பேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவன் விசிலோடு வருவான், அவன் பக்கத்துக் கதிரைக்கு என் பெயரில் ஒரு டிக்கெட் எடுத்து வைத்துவிடுங்கள். பில் வழக்கம்போல எனக்கே அனுப்பலாம்.